கணப்பின் இரண்டு முகங்கள்

ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
விறகு இறக்க வந்த கைடோ
நாலு கட்டு பிர்ச் விறகை அடுக்கிவிட்டு
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
ஐந்தாவதாக ஒன்றை எடுத்தான்.
கறுப்பு. காது மட்டும் பெரிசு.
"மரப்பட்டறையில் கிடந்தது,
எங்கள் வீட்டில் நாய் இருக்கிறதே" என்றான்.
எங்கள் வீட்டில் புரோவா இருக்கிறாள்
என்று நான் வாய் திறப்பதற்குள்
அவன் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

புரோவா என்றால் எஸ்தோனிய மொழியில் சீமாட்டி.
பதினோரு வயது. சாம்பல் உடம்பு.
நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே
சாய்வு நாற்காலி அவளுடையது.
என் மடியில் முதன்முதலாக ஏற
இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டவள்.

நாய்க்கும் பூனைக்கும் ஆகாது,
எலிக்கும் பூனைக்கும் ஆகவே ஆகாது
என்றெல்லாம் சொல்லி வைத்தவர்கள்
பூனைக்கும் பூனைக்கும் எப்படி என்று
சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

குட்டியைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம்.
நாங்கள் கூடத்துச் சோபாவில்,
என் கால் தார்மோவின் விலாவில்.
புரோவா என் ஸ்வெட்டர் விளிம்பை முகர்ந்தாள்.
இன்னொரு முறை முகர்ந்தாள்.
பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்,
விவாகரத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் மாதிரி.

வாசனை பழகட்டும் என்று
தார்மோவின் கம்பளிக் காலுறையைக்
குட்டியின் கன்னத்தில் தேய்த்து
அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பல்லால் கவ்வினாள்.
இழுத்துக்கொண்டே போனாள், குளியலறை வரை,
தன் மணல் தொட்டிக்குள் போட்டு
நாலு பக்கமும் சுரண்டி மூடினாள்.
மண்ணைப் போடுவது என்றால்
உண்மையிலேயே மண்ணைப் போடுவது!

ஐந்தாம் நாள், தீப்பெட்டி அகலம் கதவு திறந்தது.
இடுக்கில் ஒரு கறுப்புப் பாதம் நீண்டு
காற்றைத் துழாவியது.
புரோவா அதைப் பார்த்தாள்,
மின்சாரக் கட்டண ரசீதைப் பார்ப்பதுபோல.

ஒன்பதாம் நாள்
என் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிவந்துவிட்டது.
வால் இரண்டும் பாட்டில் தேய்க்கும் பிரஷ்.
ஜெரேனியத் தொட்டி விழுந்தது.
பிரிக்கப் போன தார்மோவின் மணிக்கட்டில் மூன்று சிவப்புக் கோடு.
"கைடோவிடமே கொடுத்துவிடலாம், லேயா,
கிழவிக்கு எதற்கு இந்தத் தண்டனை" என்றான்.
நான் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
மண் ஈரமாக இருந்தது.
பதில் சொல்லவில்லை.

பதினோராம் இரவு, மூன்று மணி.
கணப்பில் தணல் எப்படி என்று பார்க்க எழுந்தேன்.
எங்கள் தெரு மரவீடுகளில்
இரண்டு அறைக்கும் ஒரே கணப்பு.
சுவருக்குள் கட்டியது,
கூடத்துக்கு ஒரு முகம்,
படுக்கையறைக்கு ஒரு முகம்.

இந்தப் பக்கம் புரோவா,
வெள்ளை ஓடுகளில் முதுகை ஒட்டி நீட்டிக் கிடந்தாள்.
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
அதே உயரம், அதே மூலை.
குட்டி தன் வயிற்றை
ஓட்டோடு ஒட்டிக்கொண்டு.
நடுவில் கொஞ்சம் செங்கல், கொஞ்சம் புகைவழி,
கைடோ அறுத்த பிர்ச்சின் தணல்.

எத்தனை இரவாக இப்படி?
நான்தான் கவனிக்கவில்லை.
ஒருத்தியின் உறுமல் செங்கல் வழியே
இன்னொருத்திக்குக் கேட்டிருக்காது,
கேட்டிருக்க முடியாது.
ஆனாலும் கதவை முழுக்கத் திறந்துவிட்டு
விறகுக் கூடைமேல் உட்கார்ந்தேன்,
கையில் ஒரு துவாலையுடன், தைரியத்துக்கு.

வந்தது.
ஒரு முழம் தள்ளிச் சுருண்டது.
புரோவா ஒரு கண்ணைத் திறந்தாள்.
ஸ்ஸ் என்றாள்,
பழைய சைக்கிள் டியூபில் மிச்சமிருந்த காற்று அளவுக்கு.
வால் நுனி தன்பாட்டில் அசைந்தது,
குட்டி அதன்மேல் பாய்ந்தது,
விழுந்தது ஒரு அறை.
நகம் வெளியே வராத அறை.

காலையில் தார்மோ கேட்டான், யார் ஜெயித்தது என்று.
விறகு தீர்ந்துவிட்டது என்றேன்.

இது மார்ச்.
பனி உருகி வாய்க்காலில் இறங்குகிறது.
இன்னும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதில்லை,
ஒரு முழம் ஒரு சாண் ஆனதோடு சரி.
குட்டிக்கு நாங்கள் யோசித்த மூன்று பெயருக்கும்
அது திரும்பிப் பார்ப்பதில்லை.
சமையலறையிலிருந்து புரோவா
ஸ்ஸ் என்று சீறினால் மட்டும்
எங்கிருந்தாலும் ஓடி வருகிறது,
வாலைத் தூக்கிக்கொண்டு,
தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று.